திண்டுக்கல் பிள்ளைகளுக்குக் கடற்கரையில் என்ன பாடம்?

கல்லூரியில் சுற்றுச்சூழல் கல்வி எடுப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் இந்தத் தாள் கட்டாயம். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுதான் இதற்கு வேர். பிறகு யூஜிசி ஒரு பாடத்திட்டம் வகுத்தது. மொத்தம் 50 மணி நேரம். ‘சுற்றுச்சூழல் அறம்’ அதில் ஒற்றை வரி. கடைசி அலகு களப்பணி, அதற்கு 5 மணி நேரம். நடைமுறையில் அறம் ஐந்து மதிப்பெண் கேள்வியாகிவிடும். களப்பணி ஒரு ஸ்பைரல் பைண்டிங் நோட்டாக முடிந்துவிடும்.

இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்ததில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். இயற்கைக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம், ஒருவர் சம்பாதிக்க இன்னொருவர் தண்ணீர் கெடலாமா, நாளை பிறக்கப்போகிறவர்களுக்காக இன்று யார் பேசுவது என்பதெல்லாம் கரும்பலகையில் எழுதிப்போட்டால் பொதுஅறிவுபோலத் தோன்றும். பிள்ளைகளும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதே கேள்வியை ஒரு கிணற்றடியில், அந்தக் கிணற்றுக்காரர் பக்கத்தில் நிற்கும்போது கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல அவ்வளவு சுலபமாக வாய் வராது.

அதனால்தான் எங்கள் மாணவர்களை நாகப்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம். “திண்டுக்கல் மாவட்டத்துக்குக் கடலே கிடையாது. பக்கத்தில் சிறுமலையோ கொடைக்கானலோ போனால் களப்பணி ஆகாதா?” என்று பெற்றோரும் உடன் பணிபுரிபவர்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் சொந்த ஊர்க் கிணறு

பயணம் கடற்கரையில் ஆரம்பிப்பதில்லை. முதல் வகுப்புக்கு வரும்போதே, வீட்டில் எந்தத் தண்ணீரைப் புழங்குகிறார்களோ அதில் ஒரு பாட்டில் கொண்டுவரச் சொல்லிவிடுவோம். ஆத்தூர், சின்னாளபட்டி, ரெட்டியார்சத்திரம், வேடசந்தூர், நத்தம் என்று ஊர்ப்பெயர் ஒட்டிய பாட்டில்கள் மேசையில் வரிசையாக நிற்கும். கையடக்கமான டிடிஎஸ் மீட்டரை ஒவ்வொன்றிலும் முக்கி எடுத்து, வரும் எண்ணைப் பலகையில் எழுதுவோம். குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆத்தூர்ப் பக்கத்துப் பாட்டில்கள் பெரும்பாலும் தப்பித்துவிடும். தோல் பதனிடும் ஷாப்புகளை ஒட்டிய ஊர்களிலிருந்து வந்த பாட்டில்களில் மீட்டர் 2000த்தைத் தாண்டி ஓடும். வகுப்பு அந்த இடத்தில் அமைதியாகிவிடும். அந்த பாட்டிலைக் கொண்டுவந்த பிள்ளை நம் பக்கத்து பெஞ்சுக்காரர் என்பது எல்லோருக்கும் உறைக்கும்.

திண்டுக்கல்லில் தோல் பதனிடுவது பழைய தொழில். இந்தச் சமவெளியில் தானாக வளர்ந்து மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரையின் பட்டையைக் கொண்டுதான் ஒரு காலத்தில் தோலைப் பதப்படுத்தினார்கள். பிறகு குரோமியம் வந்தது. எந்த முறையாக இருந்தாலும் பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பைத் தடவித்தான் அனுப்புவார்கள். ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலையே அந்த உப்பை ஊறவைத்து வெளியே எடுப்பது. அந்தத் தண்ணீர்தான் ஓடைக்கும் நிலத்தடிக்கும் போனது. குரோமியத்தையும் கழிவையும் சுத்திகரிப்பு நிலையத்தில் பெருமளவு பிரித்துவிடலாம். கரைந்துபோன உப்பைப் பிரிப்பது அதைவிடக் கடினம், செலவும் அதிகம். திண்டுக்கல்லையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் ஆராய்ந்த நிலத்தடி நீர் அறிவியலாளர்கள் இங்கே 80க்கும் மேற்பட்ட தோல் பதனிடும் ஆலைகள் இயங்கியதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

‘பீஸ் மெம்பர்ஸ்’ என்ற தன்னார்வ அமைப்பு திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 ஊர்களுக்குப் போய்க் கிணறுகளைக் கணக்கெடுத்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. இந்த எண்கள் எந்தத் தீர்ப்பில் இடம்பெற்றன என்பதைக் கேட்டால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தந்த தீர்ப்பு அது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தைப் படிக்கும் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. கேடு வரும் என்ற அச்சத்துக்கு நியாயம் இருந்தால், அறிவியல் முழு உறுதி தரும்வரை காத்திருக்காமல் தடுக்க வேண்டும் என்பது முன்னெச்சரிக்கைக் கோட்பாடு. கெடுத்தவரே சரிசெய்யும் செலவையும் பாதிக்கப்பட்டவருக்கான ஈட்டையும் ஏற்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. கேடு வராது என்று நிரூபிக்கும் பொறுப்பையும் தொழில் நடத்துபவர்மீதே வைத்தது.

முன்னெச்சரிக்கைக் கோட்பாடு ஜெர்மனியில் பிறந்து, 1992இல் ரியோ மாநாட்டுப் பிரகடனத்தில் இடம்பிடித்தது என்று பாடநூல்கள் சொல்லும். சரிதான். ஆனால் அது நம் நாட்டுச் சட்டத்துக்குள் வந்த வழியில் திண்டுக்கல் ஊர்களின் கிணறுகளும் இருக்கின்றன. யாரோ சிலர் வெயிலில் ஊர் ஊராக நடந்து, தோட்டம் தோட்டமாகப் புகுந்து, “இந்தக் கிணறு எப்படி?” என்று கேட்டு எழுதிவைத்தார்கள். அந்தக் களப்பணி நீதிமன்றத்தில் கோட்பாட்டுக்குத் துணை நின்றது. களப்பணியை ஐந்து மணி நேரச் சடங்காக நினைப்பவர்களுக்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

இந்தக் கட்டத்தில் டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலைப் படிக்கச் சொல்வேன். திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களின் வாழ்க்கையைச் சொல்லும் அந்த நாவலுக்கு 2012ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. கிணறு கெட்டது ஒரு பக்கம் என்றால், சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றவர்களின் காலும் கையும் கெட்டது இன்னொரு பக்கம். தண்ணீருக்காகப் பேசுகிறவர் அந்தத் தொழிலாளியை மறந்துவிட்டால் அவர் பேசும் அறம் பாதிதான். எங்கள் மாணவர்களில் சிலருடைய தாத்தாக்கள் அங்கே வேலை பார்த்தவர்கள். அந்தக் கூலியில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது என்பதை அவர்களே எழுந்து சொல்வார்கள். அதையும் சேர்த்துப் பேசினால்தான் வகுப்பு முழுமையாகும்.

அய்யன்கோட்டையிலிருந்து கடலுக்கு

அதே 1996, அதே குல்தீப் சிங். டிசம்பர் 11 அன்று இன்னொரு தீர்ப்பு வந்தது. ‘எஸ். ஜெகந்நாதன் எதிர் இந்திய ஒன்றியம்’ என்ற அந்த வழக்கு, கடற்கரை இறால் பண்ணைகளைப் பற்றியது. கடலே இல்லாத நம் மாவட்டத்துக்கு அதில் என்ன தொடர்பு?

அந்த வழக்கைத் தொடுத்த ஜெகந்நாதனின் மனைவி கிருஷ்ணம்மாள் அம்மா பிறந்தது பட்டிவீரன்பட்டிக்குப் பக்கத்து அய்யன்கோட்டை. 1926இல், நிலமில்லாத தலித் குடும்பத்தில். அவருடைய கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன் சர்வோதயத் தலைவர். இருவரும் காந்திகிராமத்தோடு நெருங்கிய உறவுள்ளவர்கள், வினோபாவின் பூதான இயக்கத்தில் நடந்தவர்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட செய்தி கேட்டு, கிழக்குத் தஞ்சைக்கு, அதாவது இன்றைய நாகப்பட்டினம் பக்கம் போய் அந்த மக்களோடேயே வாழ ஆரம்பித்தார்கள். 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நிலச்சொந்தக்காரர்களோடு பேசி, வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்து, உழைக்கும் பெண்கள் பேரில் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று பட்டா வாங்கிக்கொடுப்பது அதன் வேலை.

அப்படிக் கிடைத்த நிலங்களுக்குப் பக்கத்திலேயே 1990களின் தொடக்கத்தில் இறால் பண்ணைகள் வந்தன. வயலை வெட்டிக் குட்டையாக்கினார்கள். கடல்நீரைக் குழாய் போட்டு இறைத்து நிரப்பினார்கள். உப்பு கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போனது, பக்கவாட்டில் கசிந்து அடுத்த வயலுக்கும் போனது. தீவனமும் மருந்தும் கலந்த கழிவு வாய்க்காலில் விழுந்தது. நெல்வயலில் நடவும் களையெடுப்பும் அறுப்பும் என்று பலருக்கு வேலை இருந்தது. இறால் குட்டைக்குக் காவலுக்குச் சிலர் போதும். மீனவர்களுக்கோ கரைக்குப் போகும் பாதையே மறிக்கப்பட்டது. ஜெகந்நாதன் தம் முதுமையில் சத்தியாகிரகத்தில் இறங்கினார். 1994இல் உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டார்.

தீர்ப்பு தெளிவாக இருந்தது. கடலோர ஒழுங்காற்று மண்டலத்துக்குள், அதாவது உயர்ந்த ஓதக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள், மரபுவழிப் பண்ணைகள் தவிர மற்றவற்றை அகற்ற வேண்டும். விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஊர்ப் பொதுநிலம் எதையும் இறால் குட்டையாக்கக் கூடாது. மூடப்படும் பண்ணைகளில் தொடர்ந்து வேலை பார்த்தவர்களுக்குச் சட்டப்படியான ஈட்டோடு கூடுதலாக ஆறு ஆண்டுக் கூலியும் தர வேண்டும். இறாலில் வரும் வருமானத்தைவிட அது நிலத்துக்கும் நீருக்கும் மக்களுக்கும் செய்யும் சேதம் பெரிது என்ற நீரி சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை, அதையும் மாணவர்களிடம் மறைப்பதில்லை. மறுஆய்வு மனுக்கள் போயின, நடவடிக்கைகள் நின்றன. கடைசியில் 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கடலோர மண்டல அறிவிக்கையின் தடை இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டம் திருத்தியது. 2009க்குப் பிறகு வனாமி இறால் வந்து தொழிலின் முகமே மாறிவிட்டது. சில பண்ணைகளில் குட்டைக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போடுகிறார்கள், நீரைச் சுத்திகரித்து விடுவதாகச் சொல்கிறார்கள். ஆக, போகும் இடத்தில் மாணவர்கள் பார்ப்பது முடிந்துபோன வரலாற்றை அல்ல, இன்னும் நடந்துகொண்டிருக்கும் ஒரு வழக்காடலை. ஜெகந்நாதனுக்கும் கிருஷ்ணம்மாளுக்கும் 2008இல் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2020இல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்ம பூஷண். எங்கள் சமவெளியில் பிறந்த ஒரு பெண் அந்தக் கரையில் என்ன பார்த்தார், ஏன் அங்கேயே இருந்துவிட்டார் என்பதை நேரில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இன்னொரு தொடர்பும் உண்டு. திண்டுக்கல் சமவெளியின் நீரை வாங்கிக்கொண்டு ஓடும் குடகனாறு கரூர் மாவட்டத்தில் அமராவதியில் கலக்கிறது. அமராவதி காவிரியில் கலக்கிறது. காவிரி டெல்டாவுக்குப் போகிறது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் நம் ஓடைகளில் விழுந்தது எதுவோ, அதற்கும் அந்தக் கடற்கரைக்கும் வழி திறந்தே இருக்கிறது.

கரையில் நடந்தவை

போகும்போது மாணவர்களுக்கு ஒரு நிபந்தனை வைப்போம்: கேள்வித்தாளோடு யார் வீட்டுக்கும் போகக்கூடாது. முதல் நாள் கூடமாட வேலை செய்வது, கேட்பது, பார்ப்பது, அவ்வளவுதான். ஒரு குழு விவசாயத் தொழிலாளர் குடியிருப்பில் இருக்கும், இன்னொரு குழு மீனவக் குப்பத்தில். மறுநாள் இடம் மாறிக்கொள்வார்கள்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். பண்ணைகளுக்குப் பக்கத்தில் ஒரு தெரு. கை பம்பில் தண்ணீர் வருகிறது, ஆனால் யாரும் குடிப்பதில்லை. குடிநீருக்கு நீல பேரல்களை வாசலில் வைத்துக் காத்திருக்கிறார்கள். எங்கள் மாணவி ஒருத்தி பம்புத் தண்ணீரைக் கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “எங்க ஊர்த் தண்ணி மாதிரியே இருக்கு மேடம்” என்றாள். பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தார்.

“உங்க ஊரு எது கண்ணு?”

“திண்டுக்கல் பக்கம் பாட்டி.”

“அங்க ஏது கடலு? உப்பு எப்படி வந்துச்சு?”

அவள் தோல் ஷாப்பைச் சொன்னாள். சோப்பு நுரைக்காததை, பருப்பு வேகாததை, சில்வர் குடத்துக்குள் வெள்ளையாகப் படிந்துபோவதை, தென்னங்குருத்து கருகியதைச் சொன்னாள். பாட்டி ஒவ்வொன்றுக்கும் “இங்கயும் அப்படித்தான்” என்று தலையசைத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அதுவரை இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர் அன்று பொழுது சாயும்வரை பேசினார். சத்தியாகிரகத்தில் பொக்லைனுக்கு முன்னால் போய் உட்கார்ந்தது, போலீஸ் வண்டியில் ஏற்றியது, பண்ணையிலேயே தன் மகன் வேலைக்குப் போனது எல்லாம் வந்தது. “வேணாம்னு எப்படிச் சொல்றது? அவன் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்ல?” என்றார். அதற்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமானது. தோல் ஷாப்பு வாசலிலும் அதையேதான் கேட்டார்கள்.

இதற்காகத்தான் இவ்வளவு தூரம் போகிறோம். அந்த மாணவி வேடிக்கை பார்க்க வந்தவளாக அங்கே நிற்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினாள். சொந்த ஊர்த் தண்ணீரை முதலில் அளந்து பார்த்ததால்தான் அது நடந்தது.

மீனவக் குப்பத்தில் பாடம் வேறு மாதிரி. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைத் திசை பார்த்துப் பிரித்துச் சொல்லும் பெரியவர்கள், எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரை ஒதுங்கும் என்றும் சொல்வார்கள். கடல் யாருக்கும் பட்டா இல்லாத இடம். அங்கே யார், எப்போது, எந்த வலை போடலாம் என்பதை ஊர்ப் பஞ்சாயத்து பேசித் தீர்மானிக்கிறது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பது அரசு போட்ட விதி. சுருக்குமடி வலையைத் தமிழக அரசு 2000இல் தடை செய்தது, ஆனால் அதைப் பற்றிய சண்டை கரையில் இன்றும் ஓயவில்லை. பெரிய முதல் போட்டவர்கள் ஒரு பக்கம், ஃபைபர் படகுக்காரர்கள் இன்னொரு பக்கம். பொதுவான ஒன்றை யார் எவ்வளவு எடுக்கலாம் என்று நூலில் படிக்கும் வாதத்தை, இங்கே ஒரே தெருவில் இரண்டு வீட்டுத் திண்ணைகளில் கேட்கலாம்.

ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து பேசும்போது நான் ஒரே ஒரு கேள்வியை முன்வைப்பேன். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியும் இதே வயல்களில் உப்பைக் கொண்டுவந்து கொட்டியது. ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, மழைநீரைத் தேக்கி வடித்து நிலத்தை மீட்டார்கள். அந்த உப்புக்கும் இறால் குட்டை உப்புக்கும் என்ன வேறுபாடு?

“சுனாமிக்கு யார் மேலயும் கேஸ் போட முடியாது” என்பார்கள் முதலில். “குட்டை வெட்டினவருக்குத் தெரியும், கடலுக்குத் தெரியாது” என்பார் இன்னொருவர். தெரிந்து செய்வது, தெரிந்துகொள்ள மறுப்பது, லாபம் ஒருவருக்கும் நஷ்டம் மற்றவருக்கும் போவது, பாதிக்கப்படுபவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விடுவது என்று பேச்சு தானாகவே வளரும். ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் குறுக்கிட்டார்: “சுனாமிலயும் மனுசன் பங்கு உண்டு தம்பி. மணல்மேடு இருந்த இடத்துல தண்ணி அவ்வளவா ஏறல. மேட்டை யாரு வெட்டுனா?” பொறுப்பு என்பதைப் பற்றி நான் அதுவரை எடுத்த எந்த வகுப்பும் அந்த மூன்று வாக்கியங்களுக்கு ஈடாகவில்லை.

அதன் பிறகு புத்தகம்

ஊர் திரும்பிய பிறகுதான் புத்தகத்தைக் கையில் கொடுப்போம். முதலில் ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்தவர், கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் டி. கல்லுப்பட்டியில் இருந்தவர். ஜபல்பூர் சிறையில் அவர் எழுதிய ‘எக்கானமி ஆஃப் பெர்மனென்ஸ்’ 1945இல் வந்தது. மனிதர்களின் பொருளாதாரத்தை அவர் இயற்கையிலிருந்தே வகைப்படுத்துகிறார். பழத்தோட்டத்தில் புகுந்து தின்றுவிட்டுப் போகும் குரங்கு கொடுப்பது எதுவும் இல்லை. கூட்டுக்காக உழைக்கும் தேனீயோ எடுக்கும்போதே பூவுக்கும் உதவுகிறது. பலன் எதிர்பார்க்காத தாய் இவர்கள் எல்லோருக்கும் மேல். கடற்கரைக்குப் போகுமுன் இதைப் படித்தால் நீதிக்கதைபோல இருக்கும். போய்வந்தபின் படித்தால், “இறால் பண்ணை இதில் எந்த வகை? தோல் ஷாப்பு எந்த வகை? இரண்டையும் வாங்கிப் பயன்படுத்துகிற நாம் எந்த வகை?” என்று பிள்ளைகளே கேட்கிறார்கள்.

பிறகு ஆல்டோ லியோபோல்டின் நில அறம், 1949. ஆர்னே நேஸ் 1973இல் முன்வைத்த ஆழ்சூழலியல். மனிதரல்லாத உயிர்களுக்கும் தமக்கென்று மதிப்பு உண்டு என்ற அவர்களின் வாதம் மதிக்க வேண்டியது. கூடவே ராமச்சந்திர குஹா 1989இல் எழுதிய மறுப்பையும் வைப்போம். காட்டைக் காப்பது மட்டுமே சூழலியல் என்று பேசினால் நம்மைப் போன்ற நாடுகளின் ஏழைகளுடைய வாழ்வாதாரப் போராட்டம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்பது அவர் வாதத்தின் சாரம். பேரல் வைத்துக் காத்திருந்த தெருவைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை.

உள்நாட்டு மாவட்டங்களில் இந்தப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது இவைதான். உங்கள் தாலுகாவின் காயத்தை முதலில் பாருங்கள். பிறகு அதே காயம் பட்ட வேறொரு மக்களிடம் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். ஒரே நாளில் திரும்பாதீர்கள், ஓரிரவாவது தங்குங்கள். லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு, யாரிடம் கேட்கவில்லை என்ற மூன்றையும் எங்கே போனாலும் எழுதி வரச் சொல்லுங்கள். அளந்த எண்களைத் தமிழில் எழுதி அந்த ஊர்க்காரர்களிடமே ஒரு பிரதி கொடுங்கள், அது அவர்களுடைய தண்ணீரைப் பற்றிய கணக்கு. 13 ஊர்களில் எடுத்த ஒரு கணக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. உங்கள் மாணவர்கள் எழுதும் நோட்டும் அப்படிப் பயன்படலாம் என்ற எண்ணத்தோடு அதை எழுதவையுங்கள்.